13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் ஆரம்பகால இசைத்தட்டுகள்: புதிதாகத் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறுபதுகளின் கராஜ் ராக் (இளைஞர் குழுக்களின் முரட்டு ராக் இசை) பக்கம் காது கொடுக்கத் தொடங்கும் யாரும் சீக்கிரமே 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் என்ற பெயரில் வந்து நிற்பார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரத்துக் குழு. ரோக்கி எரிக்ஸனின் அலறல், ஸ்டேசி சதர்லாண்டின் எதிரொலிக்கும் கிட்டார், டாமி ஹால் மைக்கோடு சேர்த்து வாயருகே பிடித்து ஒலியெழுப்பிய எலெக்ட்ரிக் ஜக். கேட்டதும் பிடித்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. 'யூ ஆர் கோனா மிஸ் மீ' என்ற ஒரே பாட்டு, அந்தக் காலத்திலேயே நான்கு லேபிள்களில், அதாவது நான்கு வெளியீட்டு நிறுவனங்களின் பெயரில், வந்தது. ஆனால் ஒலிப்பதிவு இரண்டுதான். இது தெரியாமல் விற்பனைத் தளத்தில் இறங்கினால், ஏற்கெனவே கையில் இருக்கும் பதிவையே மறுபடி பல மடங்கு விலைக்கு வாங்க நேரும்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க எனக்கு நிறைய நாள் பிடித்தது. விவரங்கள் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கின்றன. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். குழுவின் கதையை இங்கே சொல்லப் போவதில்லை. எதை, எப்படி, எவ்வளவுக்கு வாங்குவது என்பது மட்டும்.

1. எந்தத் தட்டு என்பதற்கு முன், எந்த ஒலிப்பதிவு என்று முடிவு செய்யுங்கள்

ஆரம்பகாலப் பதிவுகள் நான்கு அடுக்காக இருக்கின்றன. இவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் அடுக்கு, எலிவேட்டர்ஸ் உருவாவதற்கு முன்னால். ரோக்கி அப்போது ஸ்பேட்ஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1965இல் ஆஸ்டினின் ஸீரோ லேபிளில் அவர்களின் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள ஏழு அங்குலத் தட்டு) வந்தது. எண் 10002. ஒரு பக்கம் 'யூ ஆர் கோனா மிஸ் மீ', மறுபக்கம் 'வீ செல் சோல்'. பாட்டு ஒன்றுதான், வாசித்தவர்கள் வேறு.

இரண்டாவது அடுக்குதான் உலகத்துக்குத் தெரிந்த பதிவு. 1966 ஜனவரியில் ஹூஸ்டனில் வால்ட் ஆண்ட்ரஸின் ஸ்டுடியோவில் எலிவேட்டர்ஸ் இதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். மறுபக்கத்துக்கு 'ட்ரைட் டு ஹைட்'. தயாரித்தவர் கோர்டன் பைனம். முதலில் அவருடைய காண்டாக்ட் லேபிளில் 5269 என்ற எண்ணோடு வந்தது. அப்புறம் ஹெச்பிஆர் 492, அதாவது கார்ட்டூன் படங்கள் எடுத்த ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் இசைப் பிரிவு. கூடவே ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் லேபிளில் ஐஏ-107. அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 55ஆம் இடம் வரை போனது இந்தப் பதிவுதான். காண்டாக்ட், ஹெச்பிஆர், ஐஏ மூன்றிலும் ஒலிப்பது அதே ஜனவரிப் பதிவு. இதை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். காசு மிச்சமாவது இங்கேதான்.

மூன்றாவது அடுக்கு, காண்டாக்ட் காலத்தில் 1966இன் முற்பகுதியில் பதிவான மற்ற பாட்டுகள். 'மங்கி ஐலண்ட்', 'ரோலர் கோஸ்டர்' போன்றவற்றின் முதல் வடிவங்கள் இதில் இருக்கின்றன. பட்டி ஹாலியின் 'ஐம் கோனா லவ் யூ டூ' மாதிரி, மேடையில் வாசித்துப் பழகிய அடுத்தவர் பாட்டுகளும் உண்டு. என்னைக் கேட்டால் ஆரம்பகாலத்தின் உண்மையான புதையல் இதுதான். ஆல்பத்தின் பனிமூட்டம் இன்னும் இறங்காத, வெறும் கராஜ் குழுவாக அவர்கள் இருந்த ஒலி. இவை அப்போது ஆல்பமாக வெளிவரவில்லை. ஆகவே இந்த அடுக்குக்கு '1966 ஒரிஜினல் எல்பி' என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விற்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நான்காவது அடுக்கு முதல் ஆல்பம். 'த சைக்கடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் த 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்', எண் ஐஏ-எல்பி-1. 1966 அக்டோபரில் டல்லஸின் சுமெட் ஸ்டுடியோவில் பதிவானது, தயாரிப்பாளர் லீலன் ராஜர்ஸ். மொத்தம் 11 பாட்டு. முதல் பாட்டாக வரும் 'யூ ஆர் கோனா மிஸ் மீ' அதே ஜனவரி சிங்கிள். 'ட்ரைட் டு ஹைட்' மட்டும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டது. ஆக, ஆல்பம் கையில் இருப்பவருக்குச் சிங்கிளில் புதிதாகக் கிடைப்பது மறுபக்கம் மட்டுமே.

2. காதால் அடையாளம் காணப் பழகுங்கள்

ஸ்பேட்ஸ் பதிவா, எலிவேட்டர்ஸ் பதிவா என்று கண்டுபிடிக்க லேபிளே வேண்டாம். பாட்டின் அடியில் டுகுடுகு டுகுடுகு என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஜக் சத்தம் இருந்தால் எலிவேட்டர்ஸ். இல்லையென்றால் ஸ்பேட்ஸ். டாமி ஹால் ஸ்பேட்ஸில் இருந்ததே இல்லை.

ஆல்பத்துக்கும் காண்டாக்ட் பதிவுகளுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. சிங்கிள் பதிவின்போது பாஸ் கிட்டார் வாசித்தவர் பென்னி தர்மன். ஆல்பத்துக்காகப் புதிதாகப் பதிவான பாட்டுகளில் ரானி லெதர்மன். ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு, குரலை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். ஒரு வாரம் இப்படிக் கேட்டால் போதும், விற்பவர் அனுப்பும் சின்ன ஒலித்துணுக்கை வைத்தே எது என்று சொல்லிவிடலாம். இதற்குச் செலவே இல்லை. ஸ்ட்ரீமிங் சேவைகளில் பெரும்பகுதி கிடைக்கிறது. ஆனால் அங்கே போட்டிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கும்.

3. முதலில் மறுபதிப்பு, அப்புறம்தான் பழைய தட்டு

ஆர்வத்தில் நேரே 1966 தட்டுக்குப் போகத் தோன்றும். பொறுங்கள். மூன்றாவது அடுக்கைக் கேட்க ஒரே வழி பிற்கால வெளியீடுகள்தான். 'ஹெட்ஸ்டோன்: த காண்டாக்ட் செஷன்ஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். அது 2009இல் வந்த 'சைன் ஆஃப் த 3 ஐட் மென்' என்ற 10 சிடி பெட்டியிலும் ஒரு பகுதியாக இருக்கிறது. அந்தப் பெட்டியில் முதல் ஆல்பத்தின் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடத்தில்) இரண்டு வடிவங்களும், 1966 மேடைப் பதிவுகளும் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் வந்ததால் இன்று பழைய சந்தையில் விலை அதிகம். அது கிடைக்கவில்லை என்று வருத்தப்படாமல் 'ஹெட்ஸ்டோன்' தனி வெளியீட்டையும் ஆல்பத்தின் மோனோ மறுபதிப்பையும் வாங்கினாலே ஆரம்பகாலத்தின் முக்கால்வாசி உங்கள் கையில்.

மோனோ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டீரியோ வடிவத்தில் குழு இரண்டு பக்கமாகப் பிய்ந்து நிற்கிறது. மோனோவில் எல்லாம் ஒன்றாக முகத்தில் வந்து மோதும். இந்த இசைக்கு அதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. உறையில் மோனோ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஒரு பொறி: 'லைவ்' என்ற பெயரில் 1968இல் வந்த ஐஏ-எல்பி-8. ஆரம்பகால மேடைப் பதிவு என்று நினைத்து நிறையப் பேர் வாங்குகிறார்கள். அது மேடைப் பதிவே இல்லை. ஸ்டுடியோவில் மிஞ்சிக் கிடந்த பதிவுகளின் மேல் கைதட்டலைச் சேர்த்து லேபிள்காரர்கள் வெளியிட்டது. அதிலுள்ள பாட்டுகளுக்காக வாங்கலாம், தப்பில்லை. உண்மையான மேடைச் சத்தம் வேண்டுமென்றால் 1966இல் ஹூஸ்டனின் லா மெசோனிலும் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமிலும் பதிவானவற்றைத் தேடுங்கள்.

4. லேபிளையும் ரன்-அவுட்டையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சரி, 1966 தட்டுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். பணம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

பாட்டு முடியும் இடத்துக்கும், தட்டின் மையத்தில் ஒட்டியிருக்கும் லேபிள் தாளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். சேகரிப்பவர்கள் அதை ரன்-அவுட் என்பார்கள். அதில் சின்ன எழுத்துகளும் எண்களும் கீறப்பட்டோ முத்திரையாகக் குத்தப்பட்டோ இருக்கும். தட்டின் பிறப்புச் சான்றிதழ் என்றே அதைச் சொல்லலாம். உறையை மாற்றலாம், லேபிளை நகலெடுக்கலாம். ரன்-அவுட்டைச் சரியாகப் போலி செய்வது கடினம்.

இந்த ஆல்பத்துக்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் பெயரிலேயே மறு அச்சுகள் வந்தன. உறையும் லேபிளும் பழையதைப் போலவே இருக்கும். ரன்-அவுட்டில் 'மாஸ்டர்ஃபானிக்ஸ்' என்ற முத்திரை இருந்தால் அது அந்த மறு அச்சு, 1966 அல்ல. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் முதல் அச்சின் விலையைக் கொடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் ராடார் லேபிளும் அதே காலத்தில் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. அது லேபிளிலேயே தெரிந்துவிடும், அதனால் ஆபத்து குறைவு.

உறையில் பார்கோடு இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை. 1966இல் இசைத்தட்டு உறைகளில் பார்கோடு கிடையாது.

ரன்-அவுட் எழுத்துகளை வைத்துக்கொண்டு, இசைத்தட்டு விவரங்களும் விற்பனையும் உள்ள டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளும் உள்ள பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் இருக்கும், ரன்-அவுட் விவரமும் லேபிள் படமும் போட்டிருப்பார்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு ஒத்துப்போனால் போதும் என்று விடாதீர்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் 'முதல் அச்சு' என்று விளம்பரப்படுத்திய தட்டின் ரன்-அவுட் படத்தைக் கேட்டபோது, லேபிள் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் வந்த மங்கலான படத்தில் மாஸ்டர்ஃபானிக்ஸ் முத்திரை இருந்தது. படம் தரத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

சிங்கிள்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஸீரோ, காண்டாக்ட் போன்ற சின்ன லேபிள்களின் அபூர்வத் தட்டுகளுக்குப் பிற்கால நகல்கள் சந்தையில் சுற்றுகின்றன. லேபிளின் எழுத்து மங்கலாகவோ வண்ணம் அளவுக்கு மீறிப் பளிச்சென்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. விலை: கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்

ஒரு தட்டுக்கு யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் விலை போடலாம். டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்பின் பக்கத்திலும் இதுவரை விற்ற குறைந்த, நடு, அதிக விலைகள் இருக்கும். ஏலத்தில் போன விலைகளுக்கு பாப்சைக் தளம் உதவும். இரண்டையும் பார்த்துவிட்டு ஒரு உச்சவரம்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தோராயமாகச் சொன்னால், புதிய மறுபதிப்பு எல்பி பெரும்பாலும் 25 முதல் 40 டாலருக்குள் கிடைக்கும். சிங்கிள்களில் ஐஏ-107தான் ஓரளவு தாராளமாகக் கிடைப்பது, விலையும் கைக்கு எட்டும். காண்டாக்ட் அச்சு அதைவிடப் பல மடங்கு. ஸ்பேட்ஸின் ஸீரோ சிங்கிளும், நல்ல நிலையில் உள்ள 1966 ஆல்பமும் பல நூறு டாலர் ஆகும். ஜனவரிப் பதிவை ஏழு அங்குலத் தட்டில் கேட்பதுதான் உங்கள் ஆசை என்றால், ஐஏ-107 வாங்குங்கள். காண்டாக்ட் சிங்கிளுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் லேபிளுக்கான பணம்.

தரக் குறியீடும் விலையைத் தீர்மானிக்கும். நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி பிளஸ், ஜி என்று இறங்கும். 'விஜி' என்றால் 'வெரி குட்' என்பதால் நல்ல நிலை என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் சரசரப்பு நிச்சயம் கேட்கும். ஜி என்று போட்டிருந்தால் படமாக மாட்டி வைக்கத்தான் ஆகும்.

6. பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் வாங்கி வைக்க வேண்டியவை

இரண்டு பக்க ரன்-அவுட்டின் தெளிவான படம், இரண்டு லேபிள்கள், உறையின் முன்பக்கம், பின்பக்கம், முதுகு, வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த தட்டின் படம். கண்ணால் பார்த்துத் தரம் சொன்னாரா, ஊசி வைத்துக் கேட்டுச் சொன்னாரா என்றும் கேளுங்கள். இந்த உரையாடலைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடத்துங்கள். பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அதுதான் உங்கள் ஆவணம். வாட்ஸாப்பில் பேசியது கணக்கில் வராது.

7. பணம், சுங்கம், நாட்கள்

தமிழ்நாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு இந்தப் படி. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் போய் அதைத் திறந்து, வரம்பையும் போடுங்கள். இதை முதல் நாளே செய்யுங்கள், ஏலம் முடியப்போகும் கடைசி நிமிடத்தில் அல்ல. அந்நியச் செலாவணிக் கட்டணம் பெரும்பாலான அட்டைகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி.

பேபாலில் அனுப்பினால் சரக்கு வாங்குவதற்கான முறையைத் தேர்ந்தெடுங்கள். 'நண்பர்களுக்கு அனுப்புவது' முறையில் அனுப்பச் சொல்லி, அதற்காக விலை குறைக்கிறேன் என்பார் சிலர். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது.

அமெரிக்காவுக்குள் தட்டு அனுப்ப மீடியா மெயில் என்ற மலிவான தபால் இருக்கிறது. பட்டியலில் அந்தக் கட்டணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வெளிநாட்டுக்குச் செல்லாது. இந்தியாவுக்கு அனுப்பும் செலவு ஒரு மறுபதிப்பின் விலையையே தொட்டுவிடும். அதனால் ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்று தட்டாகச் சேர்த்து வாங்குவதே கட்டுபடியாகும். ஒரு சிங்கிளைச் சேர்த்தால் எடை அதிகம் ஏறாது.

சுங்க வரி, தட்டின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடப்படும். விகிதம் மாறக்கூடியது, வாங்கும் நாளில் சரிபாருங்கள். 'பரிசு' என்று எழுதினால் வரி இல்லை என்று இன்னும் பலர் சொல்வார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. உண்மையான விலையையே அறிவிக்கச் சொல்லுங்கள். குறைத்து எழுதிய பொட்டலம் வழியில் தொலைந்தால் நஷ்டஈடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்: விற்பனைச் சீட்டின் பிரதி, பணம் செலுத்திய ரசீது, அடையாளச் சான்று, முகவரிச் சான்று. கூரியர் நிறுவனங்கள் கேஒய்சி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். பதில் போகும்வரை பொட்டலம் நகராது. பொட்டலத்தின் மேல் உள்ள பெயர் உங்கள் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால் வீண் கடிதப் போக்குவரத்து. சாதாரணத் தபாலில் வந்தால் வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தில் மதிப்பிட்டு, தபால்காரர் வீட்டில் கொடுக்கும்போது வரியை வசூலிப்பார்.

கூரியரில் ஒரு வாரம், பத்து நாள். தபாலில் இரண்டிலிருந்து ஐந்து வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேரும்படி வாங்க வேண்டாம் என்பேன். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு மதியம் இருந்தாலே தட்டு வளைந்துவிடும்.

8. பொட்டலம் வந்ததும்

பிரிப்பதை வீடியோ எடுங்கள், மூடிய பொட்டலத்தின் எல்லாப் பக்கமும் தெரியும்படி தொடங்கி. உடனே ஊசி வைக்காமல் சில மணி நேரம் அறையின் சூட்டுக்கு வரட்டும். முதலில் ரன்-அவுட்டைப் படித்து, விற்பவர் அனுப்பிய படத்தோடு ஒப்பிடுங்கள். வேறு தட்டை உறைக்குள் வைத்து அனுப்புவதும் நடக்கிறது.

பழைய அமெரிக்கச் சிங்கிள்களின் நடுவே பெரிய துளை இருக்கும். அதற்கான அடாப்டர் இல்லாமல் டர்ன்டேபிளில் உட்காராது, முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வேகம் 45. அந்தக் காலச் சிங்கிள்களில் சில வினைலுக்குப் பதில் ஸ்டைரீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக்கில் அச்சானவை. தேய்ந்த ஊசி இரண்டே முறையில் அவற்றைக் கெடுத்துவிடும். ஊசி பழையதென்றால் மாற்றிய பிறகே ஓட்டுங்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், சரசரப்பு கணிசமாகக் குறையும்.

இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டு, குறை இருந்தால் அன்றே படத்தோடு எழுதுங்கள். ஈபேயில் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள், பேபாலில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். இந்தக் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் சுங்க அறிவிப்பு ஒட்டிய தாளையும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் இரண்டும் தேவைப்படும்.